ஒரு காசுக்கு ஐந்து குண்டு

கோடை விடுமுறையில் அண்டை அயல் பிள்ளைகளெல்லாம் திண்ணையில் கூடி, ஒரு முனை வளைந்த மரப்பலகையை நடுவில் கிடத்தி, அதில் வட்ட வட்டமாக அறையப்பட்டிருந்த ஆணிகளுக்கிடையே சிறிய இரும்புக் குண்டுகளைத் தள்ளிவிட்டு, எந்தக் குண்டு எந்த வளையத்தில் விழுந்தது, அதற்கு எத்தனை எண் என்று சண்டையிட்டுக்கொண்ட காலம் ஒன்று நம் நாட்டு நடுத்தரக் குடும்பங்களில் இருந்தது. அந்தப் பலகைக்குப் 'பேகடெல்' என்று பெயர். பெயர் எங்கிருந்து வந்ததென்று அன்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. குண்டு ஒன்று காணாமற்போனால் சைக்கிள் கடைக்கு ஓடி, பழைய பால்ரஸ் குண்டு ஒன்றைக் கெஞ்சி வாங்கி வருவதே அவ்விஷயத்தில் நாங்கள் செய்த பெரிய ஆராய்ச்சி. வெகு காலத்துக்குப் பின்பு, அமெரிக்காவில் சிகாகோ நகரைத் தாயகமாகக் கொண்டு வளர்ந்த 'பின்பால்' என்னும் யந்திர விளையாட்டின் சரித்திரத்தைப் படிக்க நேர்ந்தபோதுதான், எங்கள் திண்ணைப் பலகைக்கும், மின்விளக்கும் மணியோசையுமாகக் குலுங்கும் அந்தப் பெரிய யந்திரத்துக்கும் பாட்டன் ஒருவனே என்பது விளங்கிற்று.

அந்தப் பாட்டன் பிறந்த இடம் அரச மாளிகை. பிரெஞ்சு தேசத்தில் 16-ஆம் லூயி மன்னரின் தம்பியான ஆர்த்வா பிரபு, தம் அண்ணியாகிய மரி அந்த்வானெத் மகாராணியுடன் பந்தயம் கட்டி, இரண்டு மாதங்களுக்குச் சற்று மேற்பட்ட காலத்துக்குள் 1777-இல் எழுப்பிக் காட்டிய சிறு மாளிகைக்குப் பகத்தேல் என்று பெயர். பில்லியர்ட்ஸ் மேஜையைச் சுருக்கி, ஆணிகளை நட்டு, கோலால் குண்டைத் தள்ளி ஆடிய ஒரு புது விளையாட்டு அம்மாளிகையின் விருந்தொன்றில் அரசர் முன்னிலையில் அரங்கேறியதென்றும், அதனாலேயே மாளிகையின் பெயர் விளையாட்டுக்கும் ஒட்டிக்கொண்டதென்றும் பரவலாகச் சொல்வார்கள். அரசருக்கும் அரசிக்கும் பின்பு நேர்ந்த கதியை உலகம் அறியும்; விளையாட்டு மட்டும் கடல் கடந்து தப்பிப் பிழைத்தது. இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் குடியேறிய மான்டேகு ரெட்கிரேவ் என்பவர், கோலை ஒழித்து, அதன் இடத்தில் சுருள்வில் பொருத்திய இழுப்புக் கம்பி ஒன்றை வைத்து, மேஜையை ஒருவர் தூக்கிச் செல்லும் அளவுக்குக் குறைத்து, 1871-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றைக்குப் பல ஆயிரம் டாலர் விலைக்கு விற்கும் புத்தம்புதிய யந்திரத்தின் வலப்பக்க மூலையிலும் பெரும்பாலும் அதே கம்பிதான் நீட்டிக்கொண்டு நிற்கிறது. 'பின்' என்றால் ஆணி, 'பால்' என்றால் பந்து. ஆணிகளுக்கிடையே பந்து உருளும் விளையாட்டு என்பதைத் தவிரப் பெயரில் வேறு மர்மம் ஒன்றுமில்லை.

இந்த விளையாட்டு ஒரு கைத்தொழிலாக மாறியது, எந்தத் தொழிலும் செழிக்க முடியாதென்று எல்லாரும் கைவிட்டிருந்த காலத்தில்தான் என்பது கவனிக்கத்தக்கது. 1929-இல் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்து, வேலையற்ற ஜனங்கள் ரொட்டிக்கும் கஞ்சிக்கும் வரிசையில் நின்றிருந்த அந்நாட்களில், சிகாகோவைச் சேர்ந்த டேவிட் காட்லீப் என்பவர், கடை மேசைமீது வைத்து ஆடத்தக்க 'பாஃபிள் பால்' என்ற சிறு பெட்டியை 1931-இல் 17.50 டாலர் விலைக்கு விற்கத் தொடங்கினார். மின்சாரம் கிடையாது, விளக்கு கிடையாது, ஒரு சென்ட் காசு போட்டால் ஐந்து முதல் ஏழு குண்டுகள் வரை கிடைக்கும், அவ்வளவே. சாப்பாட்டுக்கடையிலும் மருந்துக்கடையிலும் அதைச் சூழ்ந்து நின்றவர்களுக்குச் சினிமாவுக்குக் கொடுக்கக் கையில் காசில்லை; ஒரு சென்ட் இருந்தது. அந்த ஒரு சென்ட்டை நம்பியே சுமார் 50,000 பெட்டிகள் விற்றன. கேட்ட அளவுக்குக் காட்லீப்பிடமிருந்து சரக்குக் கிடைக்காமல் தவித்த விநியோகஸ்தர்களில் ஒருவரான ரேமண்ட் மலோனி, பொறுத்துப் பார்த்து முடியாமல், 'பாலிஹூ' என்ற பெட்டியைத் தாமே செய்து விற்றார். அந்தப் பெட்டியின் பெயரைச் சுருக்கியே 'பாலி' என்ற பிரசித்தி பெற்ற கம்பெனியின் பெயர் உண்டாயிற்று. மிக ஏழையான மனிதனின் மிகச் சிறிய காசு இத்தொழிலுக்கு முதலீடாக இருந்தது என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இதன் பின்கதை முழுவதும் அந்தக் காசு யாருடைய கையிலிருந்து யாருடைய கைக்குப் போயிற்று என்பதைப் பற்றியதே.

காசு போட்டவன் சும்மா நிற்பானா? குண்டு குழியைத் தவறவிடும்போது மேஜையைத் தூக்கிச் சாய்த்தும், அடியில் முட்டியும், தோளால் இடித்தும் அதைத் தன் வழிக்குக் கொண்டுவர முயன்றான். ஹாரி வில்லியம்ஸ் என்ற யந்திர வல்லுநர், ஒருவன் தம் பெட்டியின் அடிப்பாகத்தை உள்ளங்கையால் ஓங்கிக் குத்துவதைக் கண்டு கோபமுற்று, அடிப்பலகையில் ஆணிகளை முனை வெளியே தெரியும்படி அடித்து வைத்தார் என்று ஒரு கதையுண்டு. அது தண்டனையாகுமேயன்றிப் பரிகாரமாகாது என்பதை உணர்ந்தபின், மேடைமீது ஒரு குண்டை நிறுத்தி, மேஜை அதிர்ந்தால் அது உருண்டு விழுந்து ஆட்டத்தை முடித்துவிடும்படி ஒரு சாதனத்தைச் செய்தார். பிறகு அது ஊசலாடும் ஊசற்குண்டாக மாறியது. 'டில்ட்' என்று பெயர் பெற்ற அந்த ஊசற்குண்டு இன்றும் ஒவ்வொரு யந்திரத்தின் வயிற்றிலும் தொங்கிக்கொண்டிருக்கிறது. இதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள்: அச்சாதனம் சிறிது அசைப்பதை மன்னிக்கிறது, அளவு மீறினால்தான் ஆட்டத்தை நிறுத்துகிறது. எவ்வளவு தட்டலாம், எப்போது தட்டலாம் என்பதே தேர்ந்த ஆட்டக்காரனின் வித்தையாகிவிட்டது. இதே வில்லியம்ஸ் 1933-இல் 'கான்டாக்ட்' என்ற யந்திரத்தில் மின்கலத்தைப் புகுத்தி, குழியில் விழுந்த குண்டைத் திரும்ப உதைத்தெறியும்படியும் மணி அடிக்கும்படியும் செய்தார். ஊமையாயிருந்த பெட்டிக்கு அன்றுதான் வாய் வந்தது.

வாய் வந்ததும் வம்பும் வந்தது. ஜெயித்தவனுக்குக் காசையே கக்கும் யந்திரங்களைச் சில கம்பெனிகள் 1930-களின் நடுவில் விற்றன. காசு கக்காத யந்திரங்களிலும் கடைக்காரன் கணக்குப் பார்த்துக் கையிலிருந்து பணம் கொடுப்பதுண்டு. குற்றவாளிக் கூட்டங்கள் இவ்வியாபாரத்தில் கைவைத்தன என்ற புகாரும் எழுந்தது. ஆகவே, நகராட்சிகள் இதைச் சூதாட்டம் என்று சொல்லித் தடுத்தபோது அது முழுப் பொய்யன்று, முழு உண்மையுமன்று. லாஸ் ஏஞ்சலஸ் 1939-இல் தடை விதித்தது. நியூயார்க்கின் மேயர் ஃபியரெல்லோ லா கார்டியா, பள்ளிப் பிள்ளைகள் மதிய உணவுக்குக் கொண்டுபோகும் சில்லறையை இந்தப் பெட்டிகள் கொள்ளையடிக்கின்றன என்று வாதித்து, ஜப்பானியர் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய சில வாரங்களுக்குள், 1942 ஜனவரியில், தம் நகரத்தில் அவற்றை அடியோடு ஒழிக்கக் கட்டளையிட்டார். ஆயிரக்கணக்கான யந்திரங்கள் பறிமுதலாயின. பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் சூழ்ந்து நிற்க, மேயரே சம்மட்டியைத் தூக்கிச் சில பெட்டிகளை உடைத்துக் காட்டினார். யுத்த காலத்தில் உலோகத்துக்கு வேறு உபயோகம் இருந்தது. சிகாகோத் தொழிற்சாலைகளும் விளையாட்டை நிறுத்திவிட்டு யுத்த தளவாடம் செய்யப் போயின.

யுத்தம் முடிந்து திரும்பியபோது அவர்கள் கண்டுபிடித்த ஒரு சிறிய உறுப்பு, முன்பு நடந்த வாதங்களையெல்லாம் தலைகீழாக்கிவிட்டது. காட்லீப் கம்பெனியில் பணியாற்றிய ஹாரி மாப்ஸ் என்பவர் 1947-இல் அமைத்த 'ஹம்ப்டி டம்ப்டி' என்ற யந்திரத்தில், பக்கத்துக்கு மூன்றாக ஆறு சிறிய தட்டுக்கட்டைகள் இருந்தன. பெட்டியின் இருபுறமும் உள்ள பொத்தானை அழுத்தினால் அவை துள்ளிக் குண்டை மேலே தட்டிவிடும். இவற்றையே ஆங்கிலத்தில் ஃபிளிப்பர் என்பார்கள். ஐரோப்பாவில் பல தேசத்தார் விளையாட்டையே அப்பெயரால்தான் அழைக்கிறார்கள். மறு ஆண்டிலேயே ஜென்கோ கம்பெனியின் ஸ்டீவ் கோர்டெக், ஆறு எதற்கு, இரண்டு போதுமென்று, வலுவான மின்விசையோடு அவற்றை மேஜையின் அடிமுனையில் எதிரெதிராக வைத்தார். இந்தக் கோர்டெக் இத்தொழிலுக்கு வந்த விதமே ஒரு விளையாட்டுப் போன்றது. 1937-இல் சிகாகோத் தெருவில் நடந்துகொண்டிருந்தவர், பெருமழைக்கு ஒதுங்கி ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தார். வேலை தேடி வந்தாயா என்று அங்கிருந்த ஒரு பெண்மணி கேட்டார். ஆமென்று சொல்லி உள்ளே போனவர், நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டங்களை அமைத்து, தமது நூறாவது வயதில் 2012-இல் காலமானார். மழை பெய்யாதிருந்தால் அவ்விரண்டு கட்டைகளும் வேறெவருடைய மூளையிலாவது உதித்திருக்குமோ என்னவோ!

அந்தக் கட்டைக்குப் பின்னாலுள்ள யந்திர வேலையைச் சற்று நின்று பார்ப்பது தகும். பொத்தானை அழுத்தியவுடன் ஒரு கம்பிச்சுருளில் பெரும் மின்னோட்டம் பாய்ந்து, உள்ளிருக்கும் இரும்புத்தண்டை வெடுக்கென்று இழுக்கிறது. அதே வேகத்தில் மின்சாரம் தொடர்ந்து பாய்ந்தால் சுருள் கருகிவிடும். ஆகையால் கட்டை முழுதும் உயர்ந்த கணத்தில் ஒரு சிறு தொடுபட்டை விலகி, மின்சாரத்தை மெல்லிய இரண்டாவது சுருளின் வழியாகச் செலுத்துகிறது. அது கட்டையைத் தாங்கிப் பிடிக்க மட்டும் போதுமானது. ஆட்டக்காரன் இதொன்றையும் அறிவதில்லை. 80 கிராம் எடையுள்ள எஃகுக் குண்டு, ஏறக்குறைய 6.5 டிகிரி சாய்ந்த மரத்தளத்தின் மேல் உருண்டு வருகையில், எந்தக் கணத்தில் பொத்தானை அழுத்தினால் அது எந்தத் திசையில் பறக்கும் என்பதை மட்டும் அவன் விரல் நுனி கற்றுக்கொள்கிறது. அதிர்ஷ்டத்தின் கையிலிருந்த குண்டு அன்றுமுதல் சாமர்த்தியத்தின் கைக்கு மாறியது.

சட்டமோ அந்த மாறுதலை உணர ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. நல்ல எண்ணிக்கை பெற்றவனுக்கு ஓர் ஆட்டத்தை இலவசமாக அளிப்பதுண்டு. அப்போது பெட்டிக்குள்ளிருந்து ஒரு சுத்தியல் மரத்தில் அடிப்பதுபோல் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். கடையிலிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும் அந்தச் சத்தத்துக்காகவே ஆடியவர்கள் உண்டு. இலவச ஆட்டமும் ஒரு விலைபெறும் பொருளே, ஆகவே இது சூதே என்று பல இடங்களில் அதிகாரிகள் வாதித்தனர். காட்லீப் கம்பெனி அதற்கும் ஒரு வழி கண்டு, இலவச ஆட்டத்துக்குப் பதிலாக நடக்கும் ஆட்டத்திலேயே ஒரு குண்டைக் கூடுதலாகக் கொடுக்கும் யந்திரங்களை 1960 முதல் செய்தது. வேடிக்கை என்னவென்றால், உலகத்துக்கெல்லாம் இந்த யந்திரங்களைச் செய்து அனுப்பிய சிகாகோவிலேயே 1970-களின் நடுப்பகுதி வரை அவற்றை ஆடத் தடையிருந்தது. ஊருக்கெல்லாம் சோறு வடித்துவிட்டுத் தான் பட்டினி கிடந்த கதைதான்.

1974-இல் கலிபோர்னியா மாநிலத்தின் உயர்ந்த நியாயஸ்தலம், இது சாமர்த்திய விளையாட்டு என்று தீர்ப்பளித்து லாஸ் ஏஞ்சலஸின் தடையைத் தகர்த்தது. நியூயார்க்கில் விவகாரம் இன்னும் சுவாரசியமாக முடிந்தது. 1976 ஏப்ரலில் நகரசபைக் குழுவின் முன் சாட்சி சொல்ல வந்த ரோஜர் ஷார்ப் என்ற இளம் பத்திரிகையாளர், சபை மண்டபத்திலேயே யந்திரத்தை நிறுத்தி ஆடிக்காட்டினார். ஏதேனும் தந்திரம் செய்திருப்பார்களோ என்ற சந்தேகத்தால், ஆயத்தமாக வைத்திருந்த யந்திரத்தை ஒதுக்கிவிட்டு, உபரியாகக் கொண்டுவந்திருந்த மற்றொன்றில் ஆடச் சொன்னார்கள் என்பார்கள். எவ்வளவு ஆடியும் ஐயம் தீராததைக் கண்ட அவர், இழுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இப்போது நான் விடும் குண்டு உச்சியிலுள்ள வழிகளில் நடுவழியாக இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு இழுத்துவிட்டார். குண்டு அப்படியே நடுவழியில் இறங்கிற்று. குழு ஒருமனதாகத் தடையை நீக்கப் பரிந்துரைத்தது. அந்த ஒரு குண்டில் சாமர்த்தியம் எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு என்று கேட்டால், ஃபிளிப்பர் தோன்றுவதற்கு முந்தைய, 1871-ஆம் ஆண்டுக் கம்பியைக் கொண்டே அவர் வென்றார் என்பதைத் தவிர நான் வேறொன்றும் சொல்ல விரும்பவில்லை. கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரமோ, 1930-களில் எழுதிய பழைய தடையைப் புத்தகத்திலிருந்து அழிக்க 2014-இல்தான் முற்பட்டது.

விடுதலை கிடைத்த சில வருஷங்களிலேயே வேறொரு திக்கிலிருந்து அடி விழுந்தது. 1978-இல் ஜப்பானிலிருந்து 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்ற திரை விளையாட்டு வந்தது. 1980-இல் 'பாக்-மேன்' வந்தது. இவற்றின் கவர்ச்சியைப் பற்றி எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் தொழிலின் உள்விவகாரம் அறிந்தவர்கள் வேறொன்றைச் சொல்வார்கள். யந்திரத்தை விலைக்கு வாங்கி, மதுக்கடையிலோ சாப்பாட்டுக்கடையிலோ கொண்டுபோய் வைத்து, விழும் காசைக் கடைக்காரனோடு பங்கிட்டுக்கொள்ளும் ஒரு வர்க்கத்தார் அமெரிக்காவில் உண்டு. இத்தொழிலின் முதுகெலும்பு அவர்களே. திரை விளையாட்டில் அசைந்து தேயும் உறுப்புகள் சொற்பம். பின்பாலிலோ ரப்பர் அறும், விளக்கு அணையும், சுருள் கருகும், தளத்தில் அழுக்குப் படிந்து குண்டின் ஓட்டம் மாறும். வாரந்தோறும் மூடியைத் திறந்து கைகளில் கறை படிய வேலை செய்தாக வேண்டும். அவர்கள் கணக்குப் பார்த்தார்கள். பின்பாலை மூலைக்குத் தள்ளினார்கள். இடையில் ஒரு மறுமலர்ச்சியும் நேர்ந்தது: பாட் லாலர் அமைத்து, 1992-இல் வெளிவந்த 'ஆடம்ஸ் ஃபேமிலி' 20,270 யந்திரங்கள் விற்று, அண்மைக் காலத்தில் வேறெதுவும் எட்டாத எண்ணிக்கையைப் பெற்றது. ஆயினும் காட்லீப்பின் வாரிசாக இருந்த கம்பெனி 1996-இல் மூடப்பட்டது. பாலியின் பின்பால் பகுதியை 1988-இல் விழுங்கியிருந்த வில்லியம்ஸ் கம்பெனி, திரை உருவத்தையும் உண்மைக் குண்டையும் ஒன்றாய்ச் சேர்த்துக் காட்டும் 'பின்பால் 2000' என்ற கடைசி யத்தனம் ஒன்றைச் செய்து பார்த்துவிட்டு, 1999 அக்டோபரில் பின்பால் பகுதியை இழுத்து மூடிற்று.

மூடியவர்கள் தொழிலை விட்டுப் போய்விடவில்லை. காசினோக்களில் காசு விழுங்கும் சுழல் யந்திரங்களைச் செய்யும் தொழிலில் முழுமூச்சாக இறங்கினார்கள். பாலி கம்பெனியும் 1960-களிலேயே அவ்வழி போயிருந்தது. சூதாட்டம் என்று பழிசுமத்தி, சம்மட்டியால் உடைத்து, முப்பது ஆண்டுக்கு மேல் ஒளித்துவைத்த விளையாட்டு, சூதல்ல என்று நிரூபணமான பிறகு, அதைச் செய்தவர்களே உண்மையான சூதாட்டத்தில் லாபம் அதிகமென்று கண்டு அதைக் கைவிட்டார்கள். லா கார்டியா உயிரோடிருந்து இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. எனக்கு இச்சரித்திரத்தில் மிகவும் கசப்பான அத்தியாயமாகப் படுவது இதுவே.

அதன்பின் பத்தாண்டுக்கு மேல் உலகத்தில் இத்தொழிலைக் குறிப்பிடத்தக்க அளவில் நடத்தியவர் ஒருவரே. வில்லியம்ஸின் பழைய கூட்டாளியான சாம் ஸ்டெர்ன் என்பவரின் புதல்வர் காரி ஸ்டெர்ன், சேகா கம்பெனி கழித்துவிட எண்ணிய பின்பால் தொழிலை 1999-இல் வாங்கி, சிகாகோவை அடுத்த புறநகரில் நடத்தி வந்தார். ஒரு யந்திரத்துக்குள் சுமார் அரை மைல் நீளக் கம்பியும் சுமார் 3,500 உறுப்புகளும் அடங்கியுள்ளன. அவை இன்றும் மனிதக் கைகளால்தான் கோக்கப்படுகின்றன. 2011-இல் ஜாக் குவர்னியெரி, ஒருகாலத்தில் யந்திரங்களைப் பழுதுபார்த்தவர், நியூ ஜெர்ஸியில் போட்டிக் கம்பெனி தொடங்கினார்; பின்பு விஸ்கான்ஸினிலும் டெக்ஸஸிலும் ஐரோப்பாவிலும் சிறு சிறு பட்டறைகள் முளைத்தன. பழைய பெயர் பெற்ற ஆட்டங்களை மறுபடியும் அப்படியே செய்து விற்பவர்களும் வந்தார்கள். உலகளாவிய தரவரிசை வைத்துப் பந்தயங்கள் நடக்கின்றன; 2021 முதல் ஸ்டெர்ன் யந்திரங்களில் ஆட்டக்காரன் தன் கைபேசியால் பதிந்துகொண்டு, எந்த ஊரில் ஆடினாலும் தன் எண்ணிக்கையைத் தன் பெயரில் சேர்த்துக்கொள்ளலாம். செத்துவிட்டதென்று எழுதிய பத்திரிகைகளே, பிழைத்துவிட்டதென்று இப்போது எழுதுகின்றன.

ஆனால் பிழைத்தது அதே பிராணிதானா என்பதே என் கேள்வி. இன்று ஒரு புது யந்திரத்தின் விலை சாதாரணமாகச் சுமார் 7,000 டாலர். எண்ணிட்டு விற்கும் சிறப்புப் பதிப்புகள் 10,000-ஐத் தாண்டும். காட்லீப்பின் 17.50 டாலரை இன்றைய மதிப்புக்கு மாற்றினாலும் சில நூறு டாலர்தான் வரும். பெரும்பகுதி யந்திரங்கள் செல்வர் வீட்டு நிலவறைகளுக்குப் போகின்றன; அங்கே அவற்றின் காசுவாயில் ஒருநாளும் காசு விழுவதில்லை. இளமையில் கடைத்தெருவில் ஆடிய நினைவை விலைகொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கும்வரை இவ்வியாபாரம் நடக்கும். கடைத்தெருவில் ஒருமுறைகூட ஆடாமல் வளர்ந்த பிள்ளைக்கு வாங்குவதற்கு எந்த நினைவு இருக்கும்? அழகான தளம், பெரிய திரை, சினிமாப் படத்தின் உரிமை என்று விலையை ஏற்றிக்கொண்டே போகும் தொழிலதிபர்கள் இக்கேள்வியைப் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்பது என் துணிபு. ஒவ்வொரு ஆபத்திலும் ஏதோ ஓர் உறுப்பு இந்த விளையாட்டைக் காப்பாற்றிற்று: முதலில் சுருள்வில், பின்பு ஊசற்குண்டு, பின்பு தட்டுக்கட்டை. இனிக் காப்பாற்ற வேண்டியவர்கள், கறை படிந்த கையோடு வாரந்தோறும் மூடியைத் திறக்கும் அந்த மெக்கானிக்கும், அவனுக்கு ஒரு மூலை இடம் கொடுக்கும் கடைக்காரனும்தான். சில நகரங்களில் மதுக்கடையோடு சேர்ந்த ஆட்டக்கூடங்கள் மறுபடி திறக்கப்படுவதும், ஓக்லண்டில் பெண்கள் தமக்கென்று ஆட்டக்குழு அமைத்துப் பிற ஊர்களுக்கும் அதைப் பரப்பியிருப்பதும், புதுப்பதிப்புகளின் விற்பனையைவிட எனக்கு அதிக நம்பிக்கை தருகின்றன.

நெவாடாவில், லாஸ் வேகஸ் நகரத்துக்கு நல்வரவு கூறும் அந்தப் பேர்போன பலகைக்கு அருகில், காசினோக்கள் வரிசையாக நிற்கும் அதே சாலையில், பகட்டில்லாத ஒரு பெரிய கொட்டகை இருக்கிறது. மிச்சிகனில் ஒருகாலத்தில் ஆட்டக்கூடங்கள் நடத்திய டிம் ஆர்னால்ட் என்பவர் திரட்டிய பின்பால் யந்திரங்கள், நூற்றுக்கணக்கில், 2021 முதல் அங்கே வரிசை வரிசையாக நிற்கின்றன. உள்ளே போகக் கட்டணமில்லை. பழைய யந்திரங்களில் கால் டாலர் நாணயம் போட்டு இன்றும் ஆடலாம். செலவு போக மிஞ்சும் காசு தர்மத்துக்கு, பெரும்பாலும் இரட்சணிய சேனைக்கு, போகிறது.